எலும்பு சிமென்ட் கலக்கப் போகிறீர்களா? கடிகாரத்தையும் பதத்தையும் கையில் எடுங்கள்

மூட்டு மாற்று ஆபரேஷனுக்கு முதல் தடவையாக ஸ்க்ரப் ஆகப் போகும் சிஸ்டர்களும், டெக்னீஷியன் படிப்பை முடித்துவிட்டு ஆர்த்தோ தியேட்டருக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளும் என்னிடம் முதலில் கேட்பது கருவிகளைப் பற்றித்தான். எட்டுப் பத்து டிரே, ஒவ்வொன்றிலும் ஜிக், பிளாக், பின், டிரையல், எது முன்னால் எது பின்னால் என்று பயம். அது இரண்டு மாதத்தில் தானாகப் பழகிவிடும். தப்பான சைஸ் டிரையலை (அளவு பார்க்கும் மாதிரி மூட்டை) நீட்டினால் சர்ஜன் சார் ஒரு பார்வை பார்ப்பார், மாற்றிக் கொடுத்துவிடலாம். ஆனால் சிமென்ட் அப்படி இல்லை. பவுடரும் திரவமும் சேர்ந்த நொடியிலிருந்து அதை யாராலும் நிறுத்த முடியாது, திருப்பவும் முடியாது. பதினைந்து நிமிடத்துக்குள் அது கல்லாகிவிடும், நாம் தயாராக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அதனால்தான் கலப்பதைப் பற்றி மட்டும் தனியாக எழுதுகிறேன். இதை ஆர்த்தோ தியேட்டரில் வேலை செய்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன், ஆனால் அம்மாவுக்கோ மாமியாருக்கோ முழங்கால் ஆபரேஷன் வைத்துக்கொண்டு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்களும் படிக்கலாம்.

முதலில் ஒரு தப்பான எண்ணத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள். பெரும்பாலானவர்கள் இதைப் பசை என்று நினைக்கிறார்கள். பசை இல்லை. கொத்தனார் கதவு நிலையை நிறுத்திவிட்டுச் சுவருக்கும் நிலைக்கும் நடுவே கலவையைத் திணிப்பாரே, அந்த வேலையைத்தான் இது செய்கிறது. ஒரு பக்கம் பஞ்சுபோலத் துளைகள் நிறைந்த எலும்பு, இன்னொரு பக்கம் உலோக இம்பிளான்ட் (உள்ளே பொருத்தும் செயற்கை மூட்டு), இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நிரப்பி, துளைகளுக்குள் விரல் விரலாக இறங்கி, இறுகிப் பூட்டிக்கொள்கிறது. துளைக்குள் எவ்வளவு நன்றாக இறங்குகிறதோ அவ்வளவு பிடிப்பு. துளையில் ரத்தமும் கொழுப்பும் நிரம்பியிருந்தால் சிமென்ட் மேலோடு நின்றுவிடும், ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் மாதிரி ஒருநாள் விட்டுப்போகும். பல்ஸ் லவாஜ் (தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் கருவி) வைத்து சார் அவ்வளவு நேரம் எலும்பைக் கழுவுவதும், பிறகு துணி வைத்து ஒற்றி ஒற்றி உலர்த்துவதும் இதற்காகத்தான். அந்த நேரத்தில் உலர்ந்த மாப்பை (ஒற்றும் துணியை) தாமதமில்லாமல் நீட்டுவதுகூட சிமென்ட் வேலையில் ஒரு பகுதிதான்.

வீடு கட்டும் சிமென்ட்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர எந்தச் சம்பந்தமும் கிடையாது. இது அக்ரிலிக், பல் செட் செய்யும் டாக்டர்கள் பயன்படுத்தும் அதே குடும்பம். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு சர்ஜன் 1950களின் கடைசியில் இடுப்பு மூட்டுக்குள் இதைக் கொண்டுவந்தபோது, மான்செஸ்டர் பல் மருத்துவக் கல்லூரியில் இருந்த டென்னிஸ் ஸ்மித் என்பவர்தான் அந்தப் பொருளைப் பற்றி அவருக்கு வழி சொன்னவர். 1960இல் சார்ன்லி அதை எழுதி வெளியிட்டார். இத்தனை வருடம் ஆகியும் பாக்கெட்டுக்குள் இருப்பது அடிப்படையில் அதேதான்.

பெட்டிக்குள் இரண்டு பொருள் இருக்கும். வழக்கமான பெரிய பாக்கெட்டில் பவுடர் சுமார் 40 கிராம், திரவம் சுமார் 20 மில்லி. பவுடரில் இருப்பது ஏற்கெனவே இறுகிய அக்ரிலிக்கின் மிக நுண்ணிய உருண்டைகள், கூடவே வேலையைத் தொடங்கிவைக்கும் பென்சாயில் பெராக்சைடு, எக்ஸ்ரேயில் தெரிவதற்காக பேரியம் சல்ஃபேட்டோ சிர்க்கோனியம் டை ஆக்சைடோ. அது இல்லாவிட்டால் ஆபரேஷனுக்குப் பிந்தைய எக்ஸ்ரேயில் சிமென்ட் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆம்பியூலில், அதாவது உடைத்துத் திறக்கும் கண்ணாடிக் குப்பியில், இருப்பது மோனோமர் என்ற திரவம். தியேட்டரையே நிறைக்கும் அந்த நெடி இதனுடையதுதான். ஒளி படாமல் இருக்கப் பழுப்புக் கண்ணாடியில் வரும். சில பிராண்டு வெள்ளையாக இருக்கும், பாலகோஸ் பச்சையாக இருக்கும், அதில் சேர்க்கும் பச்சையம்தான் காரணம். எலும்புக்கு நடுவே சிமென்ட் எங்கே மிச்சம் ஒட்டியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிய அந்தப் பச்சை நன்றாக உதவும்.

முந்தைய நாளே தொடங்குகிற வேலை

நல்ல சிமென்ட் ஆபரேஷன் அன்று காலையில் தொடங்குவதில்லை. முந்தைய நாளே பாக்கெட்டைத் தியேட்டருக்குள் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் ஸ்டோர் ரூம் 34, 35 டிகிரி இருக்கும், தியேட்டர் 20, 22 இருக்கும். பாக்கெட்டின் மேல்பகுதி சீக்கிரம் குளிர்ந்துவிடும், உள்ளே பவுடர் சூடாகவே இருக்கும். சூடு கூடினால் சிமென்ட் முந்தி இறுகும், குளிர்ந்தால் தாமதமாக இறுகும். இந்த ஒரு வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மே மாதம், அன்றைய இரண்டாவது கேஸ். வைத்திருந்த பாக்கெட் முதல் கேஸிலேயே தீர்ந்துபோய், ஸ்டோரிலிருந்து புதிதாக ஒன்றை ஓடிப்போய் எடுத்து வந்தார்கள். கையில் வாங்கும்போதே அது வெதுவெதுப்பாக இருந்தது எனக்குத் தெரிந்தது, சொல்லவில்லை. வழக்கம்போலக் கலந்தேன், வழக்கமான நேரம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். டிபியா (கீழ்க்கால் எலும்பில் வைக்கும் பாகம்) உட்கார்ந்துவிட்டது. ஃபீமருக்கு (தொடை எலும்பில் வைக்கும் பாகத்துக்கு) எடுக்கும்போது சிமென்ட் கெட்டியாகி நூல் நூலாகப் பிரிய ஆரம்பித்துவிட்டது, அழுத்தினால் பரவவில்லை. சார் அதை எலும்பில் வைக்கவே இல்லை, வழித்துப் போட்டுவிட்டு இன்னொரு பாக்கெட் கேட்டார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கூடுதலாக இருபது நிமிடம், கூடுதலாக ஒரு பாக்கெட், அதுவும் அவர்கள் பில்லில். பாக்கெட் சூடாக இருக்கிறது என்று அன்றைக்கு நான் வாய் திறந்து சொல்லியிருந்தால் போதும். அதற்குப் பிறகு எந்தக் கேஸிலும் கலப்பதற்கு முன் தியேட்டர் டெம்பரேச்சரைச் சத்தமாகப் படிக்காமல் நான் பாக்கெட்டைத் தொடுவதில்லை.

பெட்டியில் உள்ள லீஃப்லெட்டை எடுத்து வையுங்கள். அதில் ஒரு படம் இருக்கும், எத்தனை டிகிரியில் எத்தனை நிமிடம் என்று கோடு கோடாக. ஒவ்வொரு பிராண்டுக்கும், ஒரே பிராண்டில் கெட்டி, நடுத்தரம், தளர்வு என்று ஒவ்வொரு வகைக்கும் அது வேறு. திரவத்தை முதலில் ஊற்றுவதா பவுடரை முதலில் போடுவதா என்பதுகூட பிராண்டுக்கு பிராண்டு மாறும். போன ஆஸ்பத்திரியில் அப்படித்தான் செய்தோம் என்பதெல்லாம் இங்கே செல்லாது.

அப்புறம் ஆன்டிபயாட்டிக் ஒவ்வாமை. கம்பெனியே ஜென்டாமைசின் கலந்து விற்கும் பாக்கெட் நிறைய இருக்கிறது, 1970ஐ ஒட்டி ஜெர்மனியில் புக்ஹோல்ட்ஸ் என்ற சர்ஜன் தொடங்கிவைத்த வழக்கம் அது. டைம் அவுட்டில் (கத்தி வைப்பதற்கு முன் எல்லோரும் நின்று விவரங்களைச் சரிபார்க்கும் நேரத்தில்) அலர்ஜி படிக்கும்போது சிமென்ட்டில் என்ன மருந்து இருக்கிறது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். கேஸ் ஷீட்டில் ஒரு பெயரும் பாக்கெட்டில் அதே பெயரும் இருப்பதை முதலில் பார்க்கக்கூடியவர் நீங்கள்தான்.

எப்போது உடைப்பது

சார் கேட்காமல் ஆம்பியூலை உடைக்காதீர்கள். டிரையல் கழற்றியாச்சு, கழுவியாச்சு, சைஸ் சொல்லியாச்சு, அசல் இம்பிளான்ட் பெட்டி திறந்து மேஜைக்கு வந்தாச்சு, இவ்வளவும் நடந்த பிறகு நீங்களே ஒரு தடவை கேளுங்கள்.

"சார், டிபியா, ஃபீமர், பட்டெல்லா மூன்றும் மேஜையில் இருக்கு. டெம்பரேச்சர் 21. சிமென்ட் ஓபன் பண்ணலாமா?"

"பண்ணுங்க."

இந்த இரண்டு வரிப் பேச்சு எத்தனையோ சிக்கலைத் தடுக்கும். இம்பிளான்ட் பெட்டி திறப்பதற்கு முன் சிமென்ட் கலந்துவிட்டு, கடைசி நிமிடத்தில் சைஸ் மாறி, சர்க்குலேட்டிங் சிஸ்டர் அலமாரியைத் துழாவிக்கொண்டிருக்கும்போது பாத்திரத்தில் சிமென்ட் கெட்டியாகிக்கொண்டு போவதைப் பார்த்து நிற்பது போன்ற கொடுமை வேறில்லை.

கையுறை இரண்டு போட்டிருக்க வேண்டும். மோனோமர் ரப்பர் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவும், தோலில் பட்டால் அரிப்பு, நாளடைவில் சிலருக்கு ஒவ்வாமையாகவே நிலைத்துவிடும். திரவம் தெறித்தால் மேல் கையுறையை உடனே மாற்றுங்கள். கலந்து முடித்த பிறகும் மாற்றுங்கள், ஏனென்றால் அடுத்து நீங்கள் தொடப்போவது இம்பிளான்ட். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் அன்றைக்குக் கண்ணாடியோடு வாருங்கள், ஆவி லென்ஸைப் பாதிக்கும், கண்ணை உறுத்தும். கர்ப்பமாக இருக்கும் சிஸ்டர்கள் கலக்கும் வேலையை இன்னொருவரிடம் கொடுத்துவிடுவது நல்லது. கேட்கத் தயங்க வேண்டாம், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று, இந்த ஆவி தீப்பிடிக்கும். ஆம்பியூல் உடைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் காட்டரி பென்சில் (மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் கருவி) கிடக்கக் கூடாது.

கலக்கும்போது

திரவமும் பவுடரும் தொட்ட நொடியில் சர்க்குலேட்டிங் சிஸ்டரிடம் "டைம் ஸ்டார்ட்" என்று சொல்லுங்கள். மனசுக்குள் எண்ணினால் போதாது, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அங்கிருந்து கடிகாரம் உங்களுடையது. சாரின் கண் எலும்பில் இருக்கும், அனஸ்தீசியா டாக்டரின் கண் மானிட்டரில் இருக்கும், நேரத்தைப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

பாத்திரத்தில் கையால் கலப்பதென்றால் மெதுவாக, ஒரே சீராக, பாத்திரத்தின் அடியையும் ஓரத்தையும் தொட்டுக் கலக்குங்கள். முட்டை அடிப்பதுபோல அடித்தால் காற்று உள்ளே போகும். காற்றுக்குமிழி இருக்கும் இடத்தில்தான் பின்னாளில் விரிசல் ஆரம்பிக்கும். பத்து வருடம் நடக்கப் போகிற காலின் பலம் இந்த ஒரு நிமிடத்தில் உங்கள் மணிக்கட்டில் இருக்கிறது. வாக்யூம் மிக்ஸர் இருந்தால் அதில்தான் கலக்க வேண்டும் என்பது என் கருத்து. குமிழியும் குறையும், நெடியும் வெளியே வராது. ஆனால் வாக்யூம் உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்று மீட்டரைப் பார்த்த பிறகே கைப்பிடியைச் சுற்றுங்கள். குழாய் மடங்கியிருந்தால் சத்தம் வரும், வாக்யூம் இருக்காது.

பெரும்பாலும் அரை நிமிடத்திலிருந்து ஒன்றரை நிமிடம் வரை கலந்தால் போதும். இனிமேல்தான் பதம்.

சமைக்கத் தெரிந்தவர்களுக்கு இது எளிது. முதலில் தோசைமாவுப் பதம், கரண்டியிலிருந்து வழியும், மேலே பளபளப்பு இருக்கும். இடுப்பு மூட்டுக்காகத் தளர்வான வகையைச் சிமென்ட் கன்னில் (சிமென்ட்டைப் பீச்சும் கருவியில்) ஊற்றித் தொடை எலும்பின் குழாய்க்குள் செலுத்துவதென்றால் இந்தப் பதம் தாண்டுவதற்குள் சிரிஞ்சுக்கு மாற்றிவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் பளபளப்பு மங்கும். அப்போது கையுறை விரலின் நுனியால் மெல்லத் தொட்டு எடுங்கள். நூல் இழுத்துக்கொண்டு வந்தால் இன்னும் ஆகவில்லை. திரும்ப முப்பது வினாடி. மறுபடி தொடுங்கள். விரல் சுத்தமாக, ஒரு துணுக்குகூட ஒட்டாமல் வெளியே வந்தால் சப்பாத்திமாவுப் பதம் வந்துவிட்டது, கையில் எடுக்கலாம். விரலில் ரத்தமோ தண்ணீரோ இருக்கக் கூடாது, ஈரக் கையில் ஒட்டாததைப் பார்த்துப் பதம் வந்துவிட்டது என்று ஏமாந்துவிடுவோம். அந்த ஈரம் சிமென்ட்டின் மடிப்புக்குள் போய் அங்கே அது அடுக்கு அடுக்காகப் பிரியும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். முழங்காலில் சில சர்ஜன்கள் இன்னும் பிசுபிசுப்பாக இருக்கும்போதே இம்பிளான்ட்டின் அடியில் ஒரு படலம் பூசிவிடுவார்கள், உலோகத்தில் அப்போதுதான் நன்றாகப் பிடிக்கும் என்று. கொழுப்பு பட்ட உலோகத்தில் சிமென்ட் பிடிக்காது, அதனால் இம்பிளான்ட்டின் அடிப்பக்கத்தை நீங்களும் கையால் தொடாதீர்கள். உங்கள் சர்ஜனின் வழக்கம் எது என்று கேஸ் தொடங்குவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"இரண்டரை நிமிஷம், பதம் வந்தாச்சு." "நாலு நிமிஷம்." "ஆறு." இப்படிச் சொல்லிக்கொண்டே இருங்கள். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோரும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருநாள் சொல்லாமல் விட்டுப்பாருங்கள், சாரே கேட்பார்.

மருந்துப் பவுடரைத் தனியாகச் சேர்ப்பது பற்றி

இன்ஃபெக்‌ஷன் வந்து மறுபடி செய்யும் கேஸில் சார் வான்கோமைசின் போன்ற மருந்தைக் கூடுதலாகக் கலக்கச் சொல்வார். எவ்வளவு என்பது அவர் முடிவு, நம் முடிவு இல்லை. நம் வேலை, கட்டிகளை நன்றாக நசுக்கிப் பொடியாக்கி, சிமென்ட் பவுடரோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, உலர்ந்த நிலையிலேயே ஒன்றாக்கி, அதற்குப் பிறகு திரவத்தை ஊற்றுவது. ஒரே தடவையில் கொட்டினால் திட்டுத் திட்டாக நிற்கும்.

ஊசிக்கான ஜென்டாமைசின் ஆம்பியூலை உடைத்து, அந்தத் தண்ணீர் மருந்தைச் சிமென்ட்டில் ஊற்றுவதை எங்கேயாவது பார்த்தால் தயவுசெய்து வாய் திறந்து கேளுங்கள். தண்ணீர் கலந்த சிமென்ட்டின் பலம் பெரிதாகக் குறைந்துவிடும். பவுடர் மருந்து மட்டும்தான். அதுவும் சூட்டைத் தாங்கும் மருந்தாக இருக்க வேண்டும், ஏனென்றால் சிமென்ட் இறுகும்போது நன்றாகவே சுடும். மிச்சத்தை உருட்டி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் கையில் வைத்திருக்க முடியாது.

உள்ளே வைக்கும் அந்த ஒரு நிமிடம்

இதை மெதுவாகப் படியுங்கள். சிமென்ட்டை எலும்புக்குள் அழுத்தும்போது உள்ளே அழுத்தம் ஏறி, மஜ்ஜையில் உள்ள கொழுப்பும் காற்றும் ரத்தக் குழாய்க்குள் போய் நுரையீரலை அடையலாம். ஆக்சிஜன் திடீரென்று இறங்கும், பிபி இறங்கும், மோசமானால் இதயம் நின்றுவிடும். எல்லோருக்கும் வராது, பலருக்கு லேசாக வந்து போய்விடும். ஆனால் இடுப்பு எலும்பு முறிந்து வரும் எண்பது வயதுப் பாட்டிகள், ஏற்கெனவே இதயமோ நுரையீரலோ பலவீனமானவர்கள், இவர்களுக்கு இது நிஜமான ஆபத்து. முழங்கால் ஆபரேஷனில் டோர்னிக்கெட் (ரத்த ஓட்டத்தை நிறுத்தும் பட்டை) கட்டியிருந்தால் அதைத் தளர்த்தும் நேரத்திலும் வரலாம்.

அதனால் சிமென்ட் உள்ளே போவதற்கு முன் அனஸ்தீசியா பக்கம் கேட்கும்படி ஒருவர் சொல்லியே ஆக வேண்டும். சர்ஜன் சொல்வார். அவர் வேலையில் மூழ்கி மறந்தால் நீங்கள் சொல்லுங்கள். "டாக்டர், சிமென்ட் போடப் போறோம்." அங்கிருந்து "பிபி 130, ஆக்சிஜன் ஏத்திட்டேன், போடலாம்" என்று பதில் வரும். அந்தப் பதில் வரும்வரை கன்னை நீட்டாதீர்கள். அடுத்த சில நிமிடம் தியேட்டரில் பாட்டு வேண்டாம், பேச்சு வேண்டாம், சேச்சுரேஷன் மானிட்டரின் சத்தம் எல்லோர் காதிலும் விழ வேண்டும். அந்தச் சத்தத்தின் சுருதி இறங்குவது முதலில் காதுக்குத்தான் தெரியும்.

வைத்த பிறகு பிதுங்கி வரும் சிமென்ட்டை சார் வழித்தெடுப்பார். சின்ன க்யூரெட், ஆஸ்டியோடோம், ஈரம் இல்லாத துணி மூன்றும் கைக்கு எட்டும் தூரத்தில் வேண்டும். முழங்காலின் பின்பக்கம்தான் கண்ணுக்குத் தெரியாத இடம், அங்கே ஒரு துண்டு தங்கி இறுகிவிட்டால் காலை மடக்கும்போதெல்லாம் அது உறுத்தும். "பின்னாடி பார்த்தாச்சா சார்?" என்று கேட்டுவிடுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிறகு காலை நீட்டி, அழுத்திப் பிடித்து, அசையாமல் காத்திருக்க வேண்டும். இந்த நேரத்தில் காலை ஆட்டினால் இறுகிக்கொண்டிருக்கும் சிமென்ட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும், அதன் பலன் சில வருடம் கழித்துத்தான் தெரியும். காலைப் பிடித்திருக்கும் உதவி டாக்டருக்குக் கை வலிக்கும், "ஆயிடுச்சா சிஸ்டர்?" என்று கேட்பார். மேஜையில் ஒரு உருண்டை எடுத்து வைத்திருப்பீர்கள் அல்லவா, அதைத் தட்டிப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் இன்னும் இல்லை. கிண்ணத்தில் தட்டினால் கூழாங்கல் மாதிரி "டக்" என்று சத்தம் வந்து, சூடும் இருந்தால் ஆயிற்று. உடம்பின் சூட்டில் உள்ளே இருப்பது வழக்கமாகக் கொஞ்சம் முந்தியே இறுகும், ஆனால் மேஜை உருண்டை இறுகும்வரை பொறுப்பதே நல்லது. இரக்கப்பட்டு முன்னாலேயே "ஆயிடுச்சு" என்று சொல்லாதீர்கள்.

முடிந்த பிறகு

பாக்கெட்டில் உள்ள ஸ்டிக்கரை, லாட் நம்பரோடு, இம்பிளான்ட் ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள். நாளைக்கு ஒரு லாட்டில் பிரச்சினை என்று தெரியவந்தால் இந்த நோயாளியைத் தேடிப் பிடிக்க அது ஒன்றுதான் வழி. மிச்சமான சிமென்ட்டைப் பிசுபிசுப்பாகக் குப்பையில் போடாமல் கிண்ணத்திலேயே முழுதாக இறுக விட்டுவிடுங்கள். மிஞ்சிய மோனோமரைச் சிங்கில் ஊற்றக் கூடாது. உடைந்த ஆம்பியூல் நீல டப்பாவுக்குப் போகட்டும்.

அப்புறம் பயிற்சி. தேதி முடிந்த பாக்கெட் ஏதாவது ஸ்டோரில் இருந்தால் இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டு வாங்கி, நோயாளிக்கான பொருட்களோடு கலந்துவிடாமல் தனியாக வைத்து, வேலை இல்லாத ஒரு மதியம் தியேட்டர் ஏசி ஓடும்போது கலந்து பாருங்கள். விரலில் ஒட்டாமல் வந்தது எத்தனையாவது நிமிடம், நூல் பிரிய ஆரம்பித்தது எப்போது, கிண்ணத்தில் "டக்" என்றது எப்போது என்று எழுதி, பக்கத்தில் அன்றைய டெம்பரேச்சரையும் குறித்து வையுங்கள். என் நோட்டில் இப்படி நாற்பதுக்கும் மேல் பதிவு இருக்கிறது, பிராண்டு வாரியாக. புதிதாக வருகிறவர்கள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் அது எங்கள் தியேட்டரின் கணக்கு. உங்கள் தியேட்டரின் கணக்கை நீங்கள்தான் எழுத வேண்டும்.